சோழமண்டலக் கரையும் உயிரின வகைப்பாடும்

உலகம், தொகுதி, வகுப்பு, வரிசை, குடும்பம், பேரினம், சிற்றினம் என்று உயிர்களைப் படிப்படியாக அடுக்கும் முறை ஐரோப்பாவில் உருவானது. ஆனால் அடுக்குவதற்கு வேண்டிய சரக்கில் கணிசமான பங்கு சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போனது. சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே வேலியோரத்தில் பறித்த செடிகளும், வலையில் விழுந்த மீன்களும், புற்றை வெட்டி எடுத்த கறையான்களும் உப்சாலா, லண்டன், கோபன்ஹேகன், பெர்லின் நகரங்களுக்குச் சென்றன. அங்கே லத்தீன் பெயர் பெற்று, அச்சேறி, பின்னாளில் பாடப்புத்தகமாகச் சென்னைக்கே திரும்பின. இந்தப் போக்குவரத்து நடந்த காலத்தில் வகைப்பாட்டின் அடிப்படையே பலமுறை மாறியது. அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றின் தடமும் இந்தக் கரையில் உண்டு.

மதராஸபட்டினத்தில் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்கள் கோட்டை மருத்துவர்கள். புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் 1690களில் சுற்றுவட்டாரக் கிராமங்களில் செடிகளைச் சேகரித்தார். கம்பெனி மருத்துவருக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. இங்கிலாந்திலிருந்து வரும் மருந்து மாதக்கணக்கில் கடலில் கிடந்து வீரியம் கெட்டுத்தான் கரை சேரும். உள்ளூர் வைத்தியர் கையாளும் மூலிகை எது, அதன் பெயர் என்ன, எந்த நோய்க்கு அதைக் கொடுக்கிறார்கள் என்பது தெரிந்தால் பிழைப்பு நடக்கும். பிரவுன் அனுப்பிய செடிகளையும், அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் பயன்களையும் லண்டனில் மருந்துக்கடை நடத்திவந்த ஜேம்ஸ் பெட்டிவர் 1698 முதல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். பிரவுனுக்குப் பின் எட்வர்ட் பல்க்லி அதே பணியைத் தொடர்ந்தார். லியனார்ட் புளுக்னெட் தம் படத்தொகுதிகளில் மதராஸ் செடிகள் பலவற்றைச் சேர்த்தார். உலர்ந்த மூலச் செடிகள் ஹான்ஸ் ஸ்லோனின் சேகரிப்போடு கலந்து, இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அன்றைய நூல்களில் ஒரு செடியின் பெயர் என்பது ஒரு முழு வருணனை. இலை எப்படி, காய் எப்படி, எந்த ஊரில் விளைவது என்று ஏழெட்டு லத்தீன் சொற்கள் வரிசையாக நிற்கும். புதிதாக ஒரு செடி கிடைத்துவிட்டால், பழைய செடியிலிருந்து அதைப் பிரித்துக்காட்ட இன்னும் இரண்டு சொல் கூடும். சுவீடனின் கார்ல் லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட ‘ஸ்பீஷீஸ் பிளான்டாரம்’ இந்த வாலை அறுத்தது. பேரினத்துக்கு ஒரு சொல், சிற்றினத்துக்கு ஒரு சொல், அவ்வளவுதான். விலங்குகளுக்கு இதே முறையை 1758இல் வந்த ‘சிஸ்டமா நேச்சுரே’யின் பத்தாம் பதிப்பு நிலைநாட்டியது. தாவரப் பெயரிடலுக்கு 1753ஆம் ஆண்டும் விலங்குப் பெயரிடலுக்கு 1758ஆம் ஆண்டும் தொடக்கமாக இன்றும் கொள்ளப்படுகின்றன. லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. மலபார் பற்றி அவருக்குத் தெரிந்தது வான் ரீடின் பன்னிரண்டு தொகுதி ‘ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்’ வழியாக. இலங்கை பற்றித் தெரிந்தது பால் ஹெர்மனின் உலர்செடித் தொகுப்பு வழியாக. அத்தொகுப்பைக் கொண்டே 1747இல் ‘ஃபுளோரா சைலானிகா’ என்ற தனி நூலை எழுதினார். மதராஸ் பற்றித் தெரிந்தது புளுக்னெட் போன்றோரின் நூல்களால். சளிக்கும் இருமலுக்கும் தமிழ்நாட்டு வீடுகளில் அடையாகவும் துவையலாகவும் செய்து உண்ணும் முசுமுசுக்கை 1753ஆம் ஆண்டு நூலிலேயே ‘குக்குமிஸ் மதராஸ்படானஸ்’ என்ற பெயரில் இடம்பெற்றுவிட்டது.

இருசொற் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் லின்னேயஸ் அதோடு சேர்த்துக் கொடுத்த தாவர வகுப்பு முறை நிலைக்கவில்லை. பூவின் மகரந்தத் தாள்களை எண்ணி, அவை தனித்து நிற்கின்றனவா கற்றையாக இணைந்திருக்கின்றனவா என்று பார்த்து, எல்லாத் தாவரங்களையும் 24 வகுப்புகளில் அடக்கியது அது. சூல்தண்டின் எண்ணிக்கையைக் கொண்டு வகுப்புக்குள் அடுத்த பிரிவு. இதன் சிறப்பு எளிமை. கைலென்ஸும் எண்ணத் தெரிந்த கண்ணும் இருந்தால் போதும். படைமுகாமில் இருக்கும் மருத்துவரும் மிஷனில் இருக்கும் பாதிரியும் முன்பின் தெரியாத செடியை அரைமணி நேரத்தில் வகுப்பில் சேர்த்துவிடலாம். வெப்பமண்டலத்தில் வேலை செய்தவர்கள் ஐரோப்பியப் பேராசிரியர்களைவிட நெடுநாள் இந்த முறையை விடாமல் பற்றியிருந்ததற்கு இதுவே காரணம்.

இதன் குறையைக் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் காட்டும். கறிவேப்பிலையின் சிறு வெண்பூவில் இதழ்கள் ஐந்து, மகரந்தத் தாள்கள் பத்து, அவற்றில் ஐந்து நெட்டை, ஐந்து குட்டை. ஆகவே அது பத்துத் தாள் வகுப்பில் போய் உட்காரும். எலுமிச்சையின் தாள்கள் பல. அடியில் கற்றை கற்றையாக ஒட்டியிருக்கும். அதனால் அது வேறொரு வகுப்பு. ஆனால் இரண்டின் இலையையும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல் ஒளிப்புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். கசக்கினால் வரும் மணம் அங்கிருந்துதான். பூவின் அமைப்பிலும் கனியிலும் இரண்டும் உறவு. தாளை மட்டும் எண்ணுகிறவருக்கு இந்த உறவு கண்ணில் படாது.

கறிவேப்பிலையை லின்னேயஸின் மேசைக்கு அனுப்பியவர் தரங்கம்பாடியில் இருந்தார். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையின் பேரில் டேனியர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1706இல் சீகன்பால்கு வந்திறங்கியபின் அது சீர்திருத்தக் கிறித்தவ மிஷனின் தலைமை இடமாயிற்று. ஜெர்மனியின் ஹாலே நகரத்தோடு கடிதமும் ஆளும் போய்வந்தபடி இருந்த ஊர் அது. 1768இல் அங்கே மிஷன் மருத்துவராக வந்தவர் யோஹான் கெர்ஹார்ட் கோனிக். 1728இல் பால்டிக் கரையின் லிவோனியாவில் பிறந்தவர், உப்சாலாவில் லின்னேயஸிடம் படித்தவர், ஐஸ்லாந்தில் செடி தேடித் திரிந்தவர். சோழமண்டலக் கரையில் லின்னேய முறையை நேராக ஆசானிடமிருந்தே கற்றுவந்த முதல் ஆள் என்று அவரைச் சொல்லலாம். ஐஸ்லாந்தில் கண்ட ஒரு குறுஞ்செடியின் பேரினத்துக்கு லின்னேயஸ் ‘கோனிகியா’ என்று பெயர் வைத்தார். 1771இல் கறிவேப்பிலைக்கு ‘பெர்கெரா கோனிகீ’ என்று பெயரிட்டார். பனிநாட்டுச் செடி ஒன்றும் தமிழ்ச் சமையலின் தாளிப்பு இலையும் ஒரே மனிதரின் பெயரைச் சுமப்பது இப்படித்தான்.

மிஷன் கொடுத்த சம்பளம் கோனிக்கின் பயணங்களுக்குப் போதவில்லை. 1774இல் ஆற்காடு நவாபின் பணியில் சேர்ந்தார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மாறினார். சயாம், மலாக்கா வரை போய்வந்தார். தஞ்சைப் பகுதிக் கறையான்களைப் பற்றி 1779இல் பெர்லினில் வெளிவந்த அவருடைய கட்டுரை அந்தப் பூச்சியைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளில் ஒன்று. 1785இல் காக்கிநாடா அருகே ஜகந்நாதபுரத்தில் இறந்தார். கடைசி நாட்களில் உடனிருந்து கவனித்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். கோனிக் தாமாக வெளியிட்டது குறைவு. அவர் எழுதிவைத்த வருணனைகளை லுண்ட் நகரின் ரெட்சியஸும், கோபன்ஹேகனின் வாலும், லின்னேயஸின் மகனும் தத்தம் நூல்களில் சேர்த்தார்கள். கரையில் இருந்தவருக்கு நூலகமும் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்கத் தொகுப்பும் இல்லை. ஐரோப்பாவில் இருந்தவருக்கு உயிருள்ள செடி கண்ணில் படவில்லை. அந்த நூற்றாண்டின் வகைப்பாட்டுப் பிழைகளில் பாதி இந்த இடைவெளியில் பிறந்தவை.

கோனிக்கைச் சுற்றித் தரங்கம்பாடியில் ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. ‘ஐக்கிய சகோதரர்கள்’ என்று தங்களை அழைத்துக்கொண்ட இவர்கள், ஒருவர் கண்ட செடியை மற்றவர்களுக்கும் அனுப்பி, எல்லோரும் பார்த்து ஒப்பிய பிறகே பெயரிட்டார்கள். ஸ்ட்ராஸ்பர்க்கில் பிறந்து 1776இல் வந்து சேர்ந்த யோஹான் பீட்டர் ரோட்லர், தரங்கம்பாடியிலேயே 1766இல் பிறந்து மருத்துவம் படித்துத் திரும்பிய யோஹான் காட்ஃபிரீட் கிளைன், மொரேவியச் சபையின் பெஞ்சமின் ஹெய்ன் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். மொரேவியர்கள் 1760 முதல் ஊரை அடுத்து ஒரு தோட்டம் வைத்திருந்தார்கள். ஹெய்ன் பிற்பாடு கம்பெனிப் பணிக்குப் போய், திப்பு வீழ்ந்தபின் பெங்களூர் லால்பாக் தோட்டத்தின் பொறுப்பை ஏற்றார்.

செடியைத் தாளில் ஏற்றும் வேலை பார்க்க எளிது; இந்தக் கரையில் செய்வது கடினம். பூவும் காயும் உள்ள கிளையை வெட்டி, இலைகளில் சிலவற்றின் அடிப்புறம் தெரியுமாறு திருப்பி, மை உறிஞ்சும் தாள்களுக்கு இடையே வைத்துப் பாரம் ஏற்ற வேண்டும். தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருநாள் தவறினாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்தபின் பூச்சி அரிக்காமலிருக்க நஞ்சு தோய்த்து, தடித்த அட்டையில் தைத்தோ ஒட்டியோ, வலப்பக்கம் கீழே ஒரு சீட்டு ஒட்டுவார்கள். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்பது அந்தச் சீட்டில் இருக்கும். சீட்டில்லாத செடி வைக்கோலுக்குச் சமம். ரோட்லரின் சீட்டுகளில் லத்தீனோடு தமிழ்ப் பெயரும் உண்டு. இவர்தான் பின்னர் சென்னை வேப்பேரியில் குடியேறி, பெரிய தமிழ்–ஆங்கில அகராதியைத் தொகுத்தவர். 1834இல் அச்சேறத் தொடங்கிய அந்த அகராதி முடிவதற்குள் 1836இல் அவர் இறந்தார். அவருடைய செடித் தொகுப்பு லண்டன் கிங்ஸ் கல்லூரிக்குப் போய், பின்னர் கியூ தோட்டத்துக்கு மாறியது.

விலங்குகளின் பக்கம் தரங்கம்பாடியின் பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1771இல் வந்த மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் சிப்பிகள், பாம்புகள், மீன்களைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார். அவர் அனுப்பிய மீன்கள் பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக்கின் கைக்குப் போயின. அந்தக் காலத்தின் மிகப் பெரிய மீன் நூலை எழுதிய பிளாக், ஜானின் நினைவாக 1793இல் ஒரு பேரினத்துக்கு ‘ஜோனியஸ்’ என்று பெயரிட்டார். மீனவர்கள் கத்தாளை என்று சொல்லும் மீன்களில் சில அந்தப் பேரினத்தில் அடங்கும். அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஜோனியஸ் கருட்டா’. கரையில் சொன்ன கருத்த கத்தாளைதான் அது. தலையும் வாலும் ஒன்றுபோல் மழுங்கியிருப்பதால் இருதலை மணியன் என்று பெயர்பெற்ற மண்ணுளிப் பாம்பின் அறிவியல் பெயரான ‘எரிக்ஸ் ஜானீ’யிலும் இதே ஜான் இருக்கிறார்.

டேனியப் படையில் லெப்டினன்டாக இருந்த டால்டார்ஃப் தரங்கம்பாடியில் பூச்சி சேர்த்தவர். 1791இல் ஒரு பனைமரத்தின் பிளவில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்த மீனைத் தாம் பிடித்ததாக அவர் எழுதிய குறிப்பு 1797இல் லண்டன் லின்னேயச் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. ஐரோப்பாவில் பலரும் நம்பவில்லை. தமிழில் அந்த மீனுக்குப் பனையேறிக் கெண்டை என்ற பெயர் ஏற்கனவே உண்டு. பனை ஏறுகிறதோ இல்லையோ, செவுள் அறைக்கு மேலே மடிப்பு மடிப்பாக உள்ள உறுப்பால் அது காற்றைச் சுவாசிக்கும். செவுள் மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகரும். மீன் என்றால் நீரில் சுவாசிப்பது என்ற இலக்கணத்துக்கு விலக்காக நின்றதால் இது நீண்ட நாள் பேசப்பட்டது. உண்மையில் கெண்டைக் குடும்பத்துக்கும் இதற்கும் நெருங்கிய உறவில்லை. உருவத்தைப் பார்த்து ஊரார் வைத்த பெயர் அது. டால்டார்ஃபும் உருவத்தைப் பார்த்துத்தான் ஐரோப்பிய ஆற்றுமீனான பெர்க்கோடு இதைச் சேர்த்தார். அந்த இடமும் பின்னர் மாறியது. இப்போதைய பெயர் ‘அனபாஸ் டெஸ்டுடினியஸ்’.

கோனிக்கின் கம்பெனிப் பதவி அவருக்குப் பின் பாட்ரிக் ரஸ்ஸலுக்குப் போனது. அவர் கவனம் பாம்புகளில். பாம்புகளைப் பிரிக்க லின்னேயஸ் வயிற்றுச் செதில்களையும் வாலடிச் செதில்களையும் எண்ணச் சொன்னார். தோட்டத்தில் பாம்பைப் பார்த்தவருக்கு அந்த எண்ணிக்கையால் என்ன பயன்? நஞ்சுப்பல் இருக்கிறதா, கடித்தால் கோழியும் நாயும் சாகின்றனவா என்று ரஸ்ஸல் சோதித்தார். சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய அவருடைய நூல் 1796இல் வண்ணப் படங்களோடு வந்தது. கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரில் அவர் பெயர் நிலைத்தது அடுத்த ஆண்டில்.

1789இல் அந்தப் பதவிக்கு வந்த ராக்ஸ்பர்க் 1776இல் மதராஸ் மருத்துவப் பணியில் சேர்ந்தவர். நாகூரிலும் பின்னர் சாமல்கோட்டையிலும் இருந்தவர். 1787 மே மாதப் புயல் வெள்ளத்தில் அவருடைய நூல்களும் குறிப்புகளும் செடித் தாள்களும் போயின. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். உலர்ந்த செடியை நம்பாமல் உயிருள்ள செடியை ஓவியர்களைக் கொண்டு வரையவைத்தார். அந்தப் படங்களில் 300 தேர்ந்தெடுக்கப்பட்டு, 1795 முதல் மூன்று பெருந்தொகுதிகளாக லண்டனில் அச்சாயின. 1793இல் கல்கத்தா தோட்டத்துக்குப் போன பின்னும் அவர் கடைசிவரை லின்னேய முறையைவிட்டு விலகவில்லை. தாள் எண்ணும் முறையின் கடைசிப் பெரிய இந்திய நூல் என்று அவர் இறந்தபின் வெளிவந்த ‘ஃபுளோரா இண்டிகா’வைக் கொள்ளலாம்.

அதற்குள் பாரிஸில் காற்று திசைமாறிவிட்டது. 1789இல் அந்துவான் லோரான் த ஜூஸ்யூ ஓர் உறுப்பை மட்டும் பாராமல் பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்துக் குடும்பங்களை வகுத்தார். ஜெனீவாவின் த கந்தோல் அதை விரிவாக்கினார். ‘இயற்கை முறை’ என்று பெயர்பெற்ற இதைத் தென்னிந்தியச் செடிகளுக்குப் பொருத்தியவர் ராபர்ட் வைட். 1819இல் உதவி அறுவை மருத்துவராக வந்து 1826இல் மதராஸ் அரசின் இயற்கையியலாளர் ஆனார். இரண்டே ஆண்டில், சிக்கனம் என்ற பெயரில், ஆளுநர் லஷிங்டன் அந்தப் பதவியை ஒழித்துவிட்டார். வைட் நாகப்பட்டினத்துக்கு மருத்துவராகப் போனார். அங்கேயும் செடிச் சேகரிப்பு நிற்கவில்லை. விடுப்பில் ஸ்காட்லாந்துக்குக் கிளம்பியபோது ஒரு லட்சம் அளவுக்கு உலர்செடிகளைக் கப்பலில் ஏற்றிச் சென்றார். ஜார்ஜ் வாக்கர் ஆர்னாட்டுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘புரோட்ரோமஸ்’ 1834இல் வந்தது. முதல் தொகுதியோடு நின்றுவிட்ட நூல்தான். ஆனால் இந்தியச் செடிகளை இயற்கை முறையில் அடுக்கிக்காட்டியதில் அதுவே முன்னோடி. கறிவேப்பிலையும் எலுமிச்சையும் வில்வமும் விளாவும் அந்த நூலில் ஒரே குடும்பத்தில் நிற்கின்றன.

திரும்பி வந்தபின் வைட் சென்னையிலேயே கல்லச்சில் படம் அச்சிடத் தொடங்கினார். 1838 முதல் 1853 வரை வந்த ‘ஐகோன்ஸ்’ தொகுதிகளில் 2,101 படங்கள். கருஞ்சாயத்தில் கோட்டோவியமாக இலையும் பூவும், ஓரத்தில் பூவை அறுத்துப் பெரிதாக்கிய பகுதிகளும் இருக்கும். வரைந்தவர்கள் ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்துவும். ஐரோப்பியத் தாவர நூல்கள் இந்திய ஓவியர்களின் பெயரை அபூர்வமாகவே சொல்லும். வைட் படங்களின் அடியில் அவர்கள் பெயரைப் போட்டார். அதைத் தாண்டி, ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கு ‘கோவிந்துவியா’ என்றே பெயரிட்டார். பிற்காலத்தார் அந்தப் பேரினத்தை வேறொன்றோடு இணைத்துவிட்டதால் அந்தப் பெயர் இப்போது வழக்கில் இல்லை. லின்னேய வழிவந்த எத்தனையோ கனவான்களின் பெயர்கள் தப்பிப் பிழைத்திருக்க, இது போனது வருத்தத்துக்குரியது.

இயற்கை முறை பூக்குந்தாவரங்களை முதலில் இரண்டாகப் பிரிக்கிறது: விதையில் ஒரு வித்திலை உள்ளவை, இரு வித்திலை உள்ளவை. தமிழில் இதற்கு வெகுகாலம் முன்பே, கிட்டத்தட்ட இதே இடத்தில் விழும் ஒரு கோடு போடப்பட்டிருந்தது. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வன்மை உடையவற்றைப் புல் என்றும் உள்ளே வன்மை உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. பனையும் தென்னையும் கமுகும் மூங்கிலும் எவ்வளவு உயர்ந்தாலும் புல்தான். பனையை அறுத்துப் பார்த்தவருக்கு இது புரியும்: வெளிவட்டத்தில் வைரம்பாய்ந்த கருநார், நடுவே சோறு. ஒருவித்திலைத் தாவரத் தண்டில் சாற்றுக்குழாய்க் கற்றைகள் விளிம்பில் நெருங்கியும் நடுவில் சிதறியும் இருப்பதே காரணம். வேம்பிலும் தேக்கிலும் வயிரம் நடுவில். இதைக்கொண்டு நவீனத் தாவரவியல் முழுவதும் தொல்காப்பியத்தில் உண்டு என்று மேடையில் முழங்குவோர் இருக்கிறார்கள், அது மிகை. மரபியலின் நோக்கம் எதன் உறுப்புக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று சொல்வது: ஓலையும் மடலும் புல்லுக்கு, இலையும் தளிரும் மரத்துக்கு. உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை அடுக்கும் அதன் இன்னொரு பகுப்பும் புலனறிவை அளவுகோலாகக் கொண்டதே அன்றி உடல் உறவை அல்ல. ஆனால் சொல்வழக்கை ஒழுங்குபடுத்த வந்த இலக்கணம் தண்டின் உள்ளமைப்பைக் கவனித்துக் கோடு போட்டது சாதாரணமல்ல.

1862 முதல் 1883 வரை ஜார்ஜ் பெந்தமும் ஜோசப் டால்டன் ஹூக்கரும் கியூவில் எழுதிய ‘ஜெனரா பிளான்டாரம்’ விதைத்தாவரங்களை 202 குடும்பங்களில் அடக்கியது. ஒவ்வொரு பேரினத்தையும் செடியை நேரில் ஆராய்ந்து எழுதியதால் அதன் வருணனைகள் இன்றும் மதிக்கப்படுகின்றன. ஹூக்கர் டார்வினின் நெருங்கிய நண்பர். ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859லேயே வந்துவிட்டது. இருந்தும் இந்த நூலின் வரிசை பரிணாம வரிசை அல்ல. ஊசியிலை மரங்களும் சைகஸும் அடங்கிய திறந்தவிதைத் தாவரங்கள் இருவித்திலைக்கும் ஒருவித்திலைக்கும் நடுவே செருகப்பட்டிருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஹூக்கரின் ஏழு தொகுதி பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூலும், 1915 முதல் 1936 வரை வந்த கேம்பிளின் மதராஸ் மாகாணத் தாவர நூலும் இதே அடுக்கில் அமைந்தன. கேம்பிள் 1925இல் இறந்துவிட, பிஷர் அதை முடித்தார். நூல்கள் அப்படி இருந்ததால் பாடமும் அப்படியே ஆயிற்று. டேனியல் ஆலிவரின் இந்தியத் தாவரவியல் முதற்பாடநூல் 1869இல் வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த பி. எஃப். ஃபைசன் ஆங்கில ஓக்கையும் பிரிம்ரோஸையும் விட்டுவிட்டு உள்ளூர்ச் செடிகளைக் கொண்டு பாடநூல் எழுதினார். நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களைப் பற்றிய அவருடைய நூலை இன்றும் மலை ஏறுவோர் தேடிப் படிக்கிறார்கள்.

சென்னையில் 1853இல் தொடங்கிய அரசுத் தாவரத் தொகுப்பு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சி. ஏ. பார்பரின் காலத்தில் கோயம்புத்தூருக்கு வந்து நிலைத்தது. ‘மெட்ராஸ் ஹெர்பேரியம்’ என்ற பெயர் மட்டும் ஊர் மாறியும் மாறவில்லை. 1955இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்வட்டம் கோவையில் தொடங்கப்பட்டபின் அதன் பொறுப்பில் சேர்ந்தது.

தாவரத்துக்குள் குடும்பம் பிரிக்கும் சச்சரவு ஒருபுறம் இருக்க, தாவரம் எது விலங்கு எது என்பதிலேயே சிக்கல் இருந்தது. லின்னேயஸுக்கு உயிர்கள் இரண்டே உலகம். அந்தக் கோட்டில் நிற்கும் உயிர்களைச் சென்னையில் ஆராய்ந்தவர் எம். ஓ. பி. அய்யங்கார். கோயில் குளத்துப் பச்சைப்படலத்தையும் மழைக் குட்டைகளையும் நுண்ணோக்கியில் பார்த்தால் வால்வாக்ஸ் போன்ற பாசிகள் தெரியும். பச்சையம் உண்டு, ஆகவே தாவரம். கசையிழையால் நீந்தும், ஆகவே விலங்கு. கல்லூரிகளில் யூக்ளினாவைத் தாவரவியல் மாணவரும் படித்தார், விலங்கியல் மாணவரும் படித்தார்; இரு துறையும் தனக்கே உரியது என்றது. ஈரமண்ணில் வளரும் ஒரு பாசியை அய்யங்கார் 1932இல் ‘ஃபிரிட்ஸ்கியெல்லா’ என்று பெயரிட்டு விவரித்தார். தரையில் படரும் பகுதியும் மேலெழும் பகுதியுமாக உடல் பிரிந்திருந்ததால், நீரிலிருந்து தாவரங்கள் நிலத்துக்கு ஏறியதை விளக்கும் பாடங்களில் அது இடம்பிடித்தது.

ஜெர்மனியின் ஹெக்கல் 1866லேயே நுண்ணுயிர்களுக்கு மூன்றாவது உலகம் கேட்டார். பூஞ்சைகளுக்குத் தனி உலகம் கொடுத்து, ஐந்துலக முறையை ராபர்ட் விட்டேக்கர் 1969இல் முன்வைத்தார். பச்சையம் இல்லாமல், வெளியே நொதியைச் சுரந்து உணவைக் கரைத்து உறிஞ்சும் காளானைத் தாவரம் என்று பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி. வி. சுப்பிரமணியன் பாலிலா வித்து உண்டாகும் விதத்தை அடிப்படையாகக் கொண்டு பூஞ்சைகளில் ஒரு பெரும்பிரிவை வகைப்படுத்தியவர். அவருடைய ‘ஹைஃபோமைசீட்டிஸ்’ 1971இல் வந்தது. பூஞ்சை தனி உலகமான பின்னும் அதைக் கற்பிக்கும் பொறுப்பு தாவரவியல் துறையிடமே நின்றுவிட்டது வேறு கதை. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, பாக்டீரியா என்று கருதியவற்றில் ஒரு கூட்டம் முற்றிலும் வேறு என்று காட்டினார்கள். அதன்பின் உலகங்களுக்கு மேலே மூன்று பெரும்பிரிவுகள் வந்தன. பள்ளிப் பாடம் விட்டேக்கரின் ஐந்தையே மையமாக வைத்துக்கொண்டு மற்றதை ஒரு பத்தியில் சொல்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது போதும் என்பதே பாடநூலாரின் கணக்கு. தவறென்று சொல்லிவிட முடியாது.

இந்த அடுக்குகளைத் தமிழில் சொல்லும் வழக்கு இரு கரையிலும் தனித்தனியாக வளர்ந்தது. தமிழ்நாட்டு மாணவர் பேரினம், சிற்றினம் என்று படிக்கும் இடத்தில் இலங்கை மாணவர் சாதி, இனம் என்று படிக்கிறார்; இங்கே தொகுதி, அங்கே கணம்; இங்கே வரிசை அல்லது துறை, அங்கே வருணம். 1954 முதல் 1968 வரை பெரியசாமித் தூரன் தலைமையில் வந்த கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளில் செடிக்கும் பிராணிக்கும் குடும்பம் சொல்லி எழுதிய கட்டுரைகள் தமிழ்நாட்டு வழக்குக்கு நல்ல அடித்தளம் போட்டன.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967இல் ராபினட் தாவரத் தொகுப்பை நிறுவிய கே. எம். மேத்யூ, மலைகளுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கர்நாடகச் சமவெளியை மாணவர்களோடு நடந்து அளந்தார். 1980களில் வந்த அவருடைய தொகுதிகளும் பெந்தம்–ஹூக்கர் வழியையே அடியொற்றின. கேம்பிளின் நூலில் இருப்பவற்றை மறுபடி களத்தில் தேடிச் சரிபார்த்தது அவருடைய பெரும்பணி.

1998இல் டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்டுப் பூக்குந்தாவரங்களை மறுபடி அடுக்கிய ஏபிஜி என்னும் குழுமுறை வந்தது. 2016இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் 64 வரிசைகள், 416 குடும்பங்கள். ஒருவித்திலை ஒரே கிளையாக நிலைத்தது; இருவித்திலை உடைந்தது. தாமரையை அல்லியோடு ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார்கள் பெந்தமும் ஹூக்கரும். டிஎன்ஏ தாமரையை வெகுதூரம் தள்ளிவைத்தது. கறிவேப்பிலையும் மாவும் முன்பு வேறுவேறு வரிசையில் இருந்தன, இப்போது ஒரே வரிசை. பெயர்களும் ஆடின. 1825இல் ஸ்பிரெங்கல் ‘முராயா’வுக்கு மாற்றிய கறிவேப்பிலையை அண்மை ஆய்வுகள் லின்னேயஸ் வைத்த ‘பெர்கெரா’வுக்கே திருப்பிவிட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘முக்கியா’வுக்குப் போன முசுமுசுக்கையும் ‘குக்குமிஸ்’ஸுக்குத் திரும்பியது. இரு வட்டத்திலும் சிற்றினப் பெயர் மாறவில்லை.

தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புத் தாவரவியல் நூல் பெந்தம்–ஹூக்கரையும் ஏபிஜியையும் ஒரே பாடத்தில் வைத்திருக்கிறது. தாவரத் தொகுப்புகளோ அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஒரு குடும்பத்தை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான தாள்களை அறை விட்டு அறை தூக்க வேண்டும்; நொறுங்கும் தாள்களில் சில நொறுங்கியே தீரும். ஆகவே இந்தியாவின் பெரும்பாலான தொகுப்புகளில் இரும்பு அலமாரிகள் இன்னும் பெந்தம்–ஹூக்கர் வரிசையிலேயே நிற்கின்றன. புதிய பெயர் வந்தால், பழைய சீட்டைக் கிழிக்காமல் அதற்கு மேலே இன்னொரு சீட்டை ஒட்டுவார்கள். அதில் திருத்தியவர் பெயரும் ஆண்டும் இருக்கும்.